பியூலா எண்

உப்பூர்த்துறையில் மனிதர்கள் மேல் கோடு விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில். மீன் ஏலம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்குத் தூக்கத்திலேயும், விழித்திருந்தவர்களுக்கு முகம் கழுவிக்கொண்டிருக்கும்போதேயும், உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை மெல்லிய நீலக் கோடுகள் ஓடி, உடம்பு முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக வகுத்துவிட்டுப் போயின. வலி இல்லை, அரிப்பு இல்லை. அன்று பூராவும் ஊர் சோப்பு போட்டுத் தேய்த்தது, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தது, தேங்காய் நாரை எடுத்துக் குழந்தைகளைக் கதறக் கதறத் தேய்த்தது. கோடு தோலோடு தோலாக இருந்தது. தலைநகரிலிருந்து ஒரு மருத்துவக் குழு வந்து ஆளுக்கொரு துளி ரத்தம் எடுத்துக்கொண்டு, மதியம் சீலாமீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பியது. வேறு எந்த ஊரிலும் விழாத கோடு தங்கள் ஊரில் மட்டும் விழுந்ததில் ஜனங்களுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை கூட வந்துவிட்டது. அடுத்த வாரமே ஸ்டுடியோக்காரர் 'இங்கே கோடு தெளிவாக விழும்' என்று பலகை மாட்டினார். நீலத்துக்கு எந்தச் சேலை எடுப்பாக இருக்கும் என்று பெண்கள் ஜவுளிக்கடையில் தோளில் துணியைப் போட்டுப் பார்த்தார்கள். பத்திரிகையில் அந்தச் செய்தி முதல் பக்கத்திலிருந்து மூன்றாம் பக்கத்துக்குப் போய், அங்கிருந்தும் காணாமல் போனது.

ஊரிலேயே அந்தக் கோடுகளைப் பார்த்ததும் இன்னதென்று சொல்ல முடிந்தவள் பியூலா ஒருத்திதான். பியூலா ஞானசிகாமணி, கடற்கரை ரோட்டுப் பொறியியல் கல்லூரியில் கணக்குப் பேராசிரியை, ஐம்பத்து மூன்று வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவள், மருந்துக்கடை மாடியில் தனியாகக் குடியிருப்பவள். அன்று காலை கண்ணாடி முன்னால் நின்று, ஒரு முக்கோணத்தின் விளிம்பு அடுத்த முக்கோணத்தின் விளிம்போடு பிசிறில்லாமல் பொருந்தியிருப்பதை விரலால் தடவிப் பார்த்து, "ரொம்பச் சுத்தமான வலை" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

அவள் வாழ்க்கையே அந்த வலைதான். விமான இறக்கையைச் சுற்றிக் காற்று எப்படி ஓடும், பாலத்தின் தூணில் பாரம் எப்படி இறங்கும் என்று கணினியிடம் கேட்டால் அது முழு இறக்கையையும் முழுத் தூணையும் ஒரே வாயில் விழுங்காது. எல்லாவற்றையும் சின்னச் சின்ன முக்கோணங்களாக நறுக்கிக் கொடுக்க வேண்டும், நறுக்கியது சரியில்லை என்றால் விடையும் சரியாக வராது. எப்படி நறுக்குவது என்பதுதான் பியூலாவின் ஆராய்ச்சி. இருபத்தேழு வயதில் அவள் முனைவர் பட்டத்துக்கு எழுதியது, ஒரு முக்கோணம் எவ்வளவு நல்லது என்று சொல்லும் ஒரு எண். மூன்று பக்கமும் சமமாக, கொழுக்கட்டை மாதிரி உப்பியிருந்தால் ஒன்று. ஊசி மாதிரி ஒல்லியாகிக்கொண்டே போனால் பூச்சியம். அந்த எண்ணைப் பல பேர் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அதை எழுதிய சில வருஷங்களிலேயே அவளுக்கு அது பாதி உண்மை என்று தெரிந்துபோனது. இறக்கையை ஒட்டி, காற்று உராய்ந்து இழுபடுகிற இடத்தில், காற்று போகிற திசையில் படுத்துக்கிடக்கிற ஒல்லி முக்கோணம்தான் சரியான முக்கோணம். அங்கே கொழுத்ததைக் கொண்டுபோய் வைத்தால் எத்தனை லட்சம் வைத்தாலும் காற்று பிடிபடாது. ஒல்லியில் தப்பே இல்லை, எங்கே எந்தத் திசையில் கிடக்கிறது என்பதுதான் விஷயம். இதை நிரூபிக்க அவள் இருபது வருஷத்துக்கு மேல் செலவழித்தாள். எழுதி அனுப்பியவை திரும்பி வந்தன, திருத்தி அனுப்பியவை மறுபடி திரும்பி வந்தன, கடைசியில் அச்சானவற்றை ஒருவரும் படிக்கவில்லை. உலகத்துக்கு அவள் அந்த முதல் எண்தான்.

கல்லூரியின் தாளாளர் கோயில்பிச்சை, கோடு விழுந்த மூன்றாம் வாரம் அவளைக் கூப்பிட்டனுப்பினார். பத்து வருஷத்தில் அவர் அவளிடம் பேசியது புத்தாண்டு வாழ்த்து மட்டும்தான்.

"டாக்டரம்மா, உக்காருங்க. நம்ம ஊரு மேல விழுந்திருக்கது உங்க சப்ஜெக்டுன்னு ஹரிபாஸ்கர் சொல்லுதான். ஊருக்கு நாலு வார்த்தை விளக்கிச் சொன்னா என்ன?"

ஹரிபாஸ்கர் அவளிடம் படித்து அவளுக்குக் கீழேயே வேலைக்குச் சேர்ந்தவன், சுறுசுறுப்பானவன். அவன் அரங்கத்தை ஏற்பாடு செய்தான். வகுப்பில் நாற்பது பேரை உட்காரவைக்கப் பாடுபட்ட பியூலா, அன்று வராண்டாவிலும் படிக்கட்டிலும் ஜனங்கள் நெருக்கியடித்து நிற்கப் பேசினாள். உப்பளக்காரர்களும் ஐஸ் பேக்டரிக்காரர்களும் தங்கள் முழங்கையைப் பார்த்துக்கொண்டே அவள் சொல்வதற்குத் தலையாட்டினார்கள். பேச்சின் நடுவில், முக்கோணத்தை அளக்க ஒரு எண் உண்டு, அதைக் கண்டுபிடித்தவள் நான்தான் என்று சொன்னபோது கைதட்டல் எழுந்தது. ஒல்லி முக்கோணத்தைப் பற்றி அவள் சொல்ல ஆரம்பித்தபோது டீ கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவளும் விட்டுவிட்டாள். அன்றைய கைதட்டல் அவளுக்கு அவ்வளவு இனித்தது.

அந்த எண்ணை ஹரிபாஸ்கர் கைபேசிக்குள் கொண்டுவந்தான். உடம்பில் எந்த இடத்தில் கேமராவைக் காட்டினாலும், அங்கிருக்கும் முக்கோணங்களை அளந்து எண்ணைச் சொல்லும். ஊர் அதற்குப் பியூலா எண் என்று பேர் வைத்தது. முதலில் விளையாட்டாக அளந்தார்கள், புருஷன் பொண்டாட்டியை அளந்தான், பிள்ளைகள் பூனையைப் பிடித்து அளக்கப் பார்த்தார்கள். பூனைக்குக் கோடு இல்லை. அப்புறம் மளமளவென்று அது விளையாட்டில்லாமல் போனது. யார் எவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரிந்தது. தெரிந்தபிறகு அதைத் தெரியாததுபோல் வைத்துக்கொள்ள அந்த ஊருக்குப் பழக்கமில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் கையைக் காட்டச் சொன்னார்கள். வீடு வாடகைக்குக் கேட்டவர்களிடம் முழங்காலைக் காட்டச் சொன்னார்கள். ஓட்டலில் முக்கோணம் கொழுத்தவர்கள் மின்விசிறிக்கு அடியிலும் ஒல்லியானவர்கள் கை கழுவும் தொட்டி ஓரத்திலும் உட்கார்ந்தார்கள். யாரும் எழுதிப் போடாமலே அது அப்படி ஆனது, தண்ணீர் பள்ளத்துக்குப் போவதுபோல.

யாருக்கு எங்கே ஒல்லி விழுந்திருக்கிறது என்பதைப் பியூலா மட்டும் வேறு கண்ணால் பார்த்தாள். உப்பளத்தில் வெடித்த பாதங்களில் ஒல்லி. வலை இழுக்கிறவன் உள்ளங்கையில், கயிறு ஓடுகிற திசையிலேயே நீள நீளமாக ஒல்லி. பிள்ளை பெற்ற வயிற்றில், சிரித்துச் சிரித்து மடிந்த கண்ணோரத்தில், அடி வாங்கிய முதுகில், அடித்தவனின் விரல்களிலும்கூட ஒல்லி. எங்கெல்லாம் உடம்பு ஒன்றோடு உராய்ந்து இழுபட்டதோ அங்கெல்லாம் வலை மெலிந்து, நெருங்கி, இழுபட்ட திசையிலேயே படுத்திருந்தது. இருபது வருஷமாக அவள் சொல்லி யாரும் கேட்காத தேற்றம் மீன் மார்க்கெட்டில் கூடையைத் தூக்கிக்கொண்டு நடமாடியது. அதைப் பார்த்தும் அவள் பேசாமல் இருந்தாள். காலையில் வீட்டு வாசலில் ஜனங்கள் வணக்கம் சொல்லக் காத்திருந்தார்கள். முதல்முதலாக ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அவளை அழைத்திருந்தது.

சேர்மக்கனி வந்தது அப்போதுதான். கல்லூரி கேன்டீனில் பதினெட்டு வருஷமாக இட்லி அவித்தவள், பியூலா காலை ஆகாரத்தைத் தினமும் அவள் கையால்தான் சாப்பிட்டாள்.

"யம்மா, என்னைய வேண்டாம்னுட்டாவ."

"யாரு?"

"தாளாளரு. பிள்ளைகளோட அப்பா அம்மா வந்து கத்துதாவளாம், இந்தக் கையால அவிச்சதையா எங்க பிள்ளைக திங்குதுன்னு." அவள் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தாள். ஆவி பட்டுப் பட்டு வெந்து ஆறிய விரல்களில் நூல் நூலாக முக்கோணங்கள் ஓடின. பியூலா அவ்வளவு நேர்த்தியான பின்னலை எந்தக் கணினித் திரையிலும் பார்த்ததில்லை.

"சேர்மக்கனி, உன் கையில இருக்கது கெட்டதில்ல. கணக்குப்படி பார்த்தா இதுதான்..."

"எனக்குக் கணக்கு வேண்டாம்மா. எண்ணு உங்க பேர்ல இருக்கு. அவர்ட்ட ஒரு வார்த்தை சொல்லி வேலைய வாங்கித் தாங்க."

பியூலா அன்றைக்கே போனாள். கோயில்பிச்சை பொறுமையாகக் கேட்டார். அவர் கன்னத்தின் முக்கோணங்கள் பூரி மாதிரி உப்பியிருந்தன.

"டாக்டரம்மா, நானா சொல்லுதேன்? உங்க எண்ணுல்லா சொல்லுது. அந்தம்மாவுக்குப் பூச்சியம் புள்ளி பூச்சியம் ஆறு."

"அந்த எண்ணு பாதிதான் உண்மை, சார். மீதிப் பாதியை நான்தான் எழுதியிருக்கேன்."

"அப்ப அதையும் ஒரு நாளைக்குப் பேசுங்க. இப்ப சாப்பாட்டு விஷயம், பாருங்க, ஜனங்களுக்கு அருவருப்பா இருந்தா நாம என்ன செய்ய முடியும்?"

அருவருப்பு என்ற அந்த வார்த்தையை அவர் நெய் மாதிரி வாயில் உருட்டிச் சொன்னார். பியூலாவுக்கு வயிற்றிலிருந்து ஏதோ புரண்டு தொண்டை வரைக்கும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் அது முழுசாக வந்தது. திருவிருந்தில் ஒரே கிண்ணத்திலிருந்து எல்லாரும் குடிப்பது அவள் பிறந்ததிலிருந்து கண்ட வழக்கம். அன்று போதகர் வசனத்தை வாசித்து முடித்ததும், யாரும் சொல்லாமலே, கொழுத்தவர்கள் முன்னால் எழுந்து போனார்கள். ஒல்லியானவர்கள் கடைசியில் நின்றார்கள், அவர்களில் வயசானவர்கள் தாமாகவே இன்னும் பின்னுக்கு ஒதுங்கி மற்றவர்களுக்கு வழி விட்டார்கள். கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்குட்டி பியூலாவைக் கைப்பிடித்து வரிசையின் தலைப்பில் கொண்டுபோய் நிறுத்தினார். ஏனென்றால் ஊரிலேயே அதிக எண் அவளுக்குத்தான். உச்சி முதல் பாதம் வரை ஒன்றுக்கு ஒன்று அச்சு எடுத்த மாதிரி சமமான, உப்பிய, குறையற்ற முக்கோணங்கள். கையில் ஒல்லி இல்லை, வயிற்றில் ஒல்லி இல்லை, கண்ணோரத்தில்கூட ஒன்று இல்லை. நாற்காலியும் திரையும் தவிர எதனோடும் உராயாத தோல். மெலிந்த முக்கோணத்துக்காக வாழ்நாளைக் கொடுத்தவள் மேல் ஒரு மெலிந்த முக்கோணம்கூட விழவில்லை. போதகர் கிண்ணத்தை அவள் உதட்டுக்குக் கொண்டுவந்தபோது பின்னாலிருந்து ஒரு பெண் அவள் முழங்கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பியூலா திராட்சை ரசத்தை விழுங்கவில்லை. வெளியே ஓடி, வேப்பமரத்தடியில் துப்பி, காலையில் தின்றதையும் சேர்த்துக் கக்கினாள். டாக்டரம்மா உபவாசம் இருந்து தளர்ந்துபோய்விட்டார்கள் என்று சபையார் பேசிக்கொண்டார்கள்.

கல்லூரி ஆண்டு விழாவில் அவளுக்குப் பொன்னாடை போர்த்த ஏற்பாடாகியிருந்தது. பியூலா பொன்னாடையை வாங்கி நாற்காலியில் போட்டுவிட்டு ஒலிபெருக்கியின் முன்னால் வந்தாள். அவளுக்குப் பேச்சு வராது, அன்று வந்தது. "நான் சொன்னது பாதி," என்றாள். "மெலிந்தது கெட்டது என்று நினைத்தேன், தப்பு. எங்கே பாரம் இழுக்கிறதோ, எங்கே உராய்வு இருக்கிறதோ அங்கே மெலிந்ததுதான் தாங்கும், மெலிந்ததுதான் உண்மையைச் சொல்லும். கொழுத்த முக்கோணம் ஒன்றுமே நடக்காத இடத்தில் உட்கார்ந்திருக்கும். என் மேல் இருப்பதெல்லாம் அதுதான். இந்த ஊரின் கணக்கை இத்தனை நாள் சுமந்தது சேர்மக்கனி கை. நீங்கள் அவளை வெளியே அனுப்பிவிட்டு என்னைக் கும்பிடுகிறீர்கள். எனக்கு உங்களைப் பார்த்தாலும் குமட்டுகிறது, என்னைப் பார்த்தாலும் குமட்டுகிறது."

கூட்டம் கடைசி வரை கேட்டது. பிறகு எழுந்து நின்று கைதட்டியது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மேடையிலிருந்து இறங்கும்போது பியூலாவுக்கு, தன் ஆராய்ச்சி கடைசியில் ஒரு காரியத்துக்கு ஆயிற்று என்று தோன்றி, நெஞ்சு லேசாகிவிட்டது.

மறுநாள் ஹரிபாஸ்கர் சிரித்த முகத்தோடு அவள் அறைக்கு வந்தான்.

"மாத்தியாச்சு மேடம். ஒரே ராத்திரி வேலைதான். பழைய எண்ண ஒண்ணுலருந்து கழிச்சாப் போதும்."

"எதை மாத்தின?"

"பியூலா எண்ணைத்தான். இப்ப ஒல்லிதான் ஒசத்தி. நீங்க சொன்னதுதானே?"

அவன் கேலி செய்யவில்லை. அவன் முகத்தில் பாராட்டை எதிர்பார்க்கும் மாணவனின் வெளிச்சம் இருந்தது.

ஒரு வாரத்துக்குள் ஊர் அதையும் விழுங்கிச் செரித்தது. மின்விசிறிக்கு அடியில் ஒல்லியானவர்கள் உட்கார்ந்தார்கள், தொட்டி ஓரத்தில் கொழுத்தவர்கள். ஆனால் அது சில நாள்தான். அதற்குள் அழகுநிலையங்களில் தோலை இழுக்கிற கிளிப்புகள் வந்துவிட்டன. வசதியுள்ளவர்கள் கன்னத்தையும் கையையும் கிளிப்பு மாட்டி இழுத்துக் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் கிடந்து முக்கோணத்தை மெலிய வைத்தார்கள். கோயில்பிச்சை முகம் முழுக்கக் கிளிப்போடு, வாய் திறக்க முடியாமல், கையால் சைகை காட்டி நிர்வாகம் செய்தார். அவர்கள் எல்லாரும் மெலிந்தபிறகு, ஒல்லியிலும் இரண்டு ஒல்லி உண்டு என்ற பேச்சு எங்கிருந்தோ கிளம்பியது. இழுத்து மெலிந்தது பதமான ஒல்லி, சீராக இருக்கும். வேலை செய்து மெலிந்தது முரட்டு ஒல்லி, அதில் அழுக்குச் சேரும். சொல்லிவைத்தாற்போல எல்லாருக்கும் ஒரே நாளில் அது தெரிந்திருந்தது. சேர்மக்கனி கேன்டீன் வாசலுக்குப் போய், உள்ளே விடப்படாமல், திரும்பிப் போனாள் என்று பியூலா கேள்விப்பட்டாள்.

உப்பளத்துக்குப் பின்னாலிருந்த அவள் வீட்டுக்குப் பியூலா போனாள். சேர்மக்கனி அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள், எழுந்திருக்கவில்லை.

"நான் மேடையில சொன்னேன், சேர்மக்கனி. உன் பேரைச் சொல்லிச் சொன்னேன்."

"கேட்டேம்மா. மைக்கு இங்கன வரைக்கும் கேட்டுது." அவள் அகப்பையைத் தட்டினாள். "என் பேர ஏன் இழுத்தீக? இப்ப மார்க்கெட்ல, கணக்கு சொமந்த கை வருது பாருன்னு சிரிக்காவ. நீங்க போயிட்டு வாங்கம்மா. எனக்கு வேலை கிடக்கு."

உட்காரச் சொல்லவும் இல்லை, தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்கவும் இல்லை. பியூலா உப்பளத்து வரப்பு வழியாகத் திரும்பி நடந்தாள். மருந்துக்கடை மாடி ஏறிக் குளித்துவிட்டுக் கண்ணாடியில் தன் குறையற்ற தோளைப் பார்த்தாள், பார்க்கச் சகிக்காமல் துண்டை எடுத்துக் கண்ணாடியின் மேல் போட்டாள்.

ஐப்பசி மழை பெய்த ஒரு காலையில், வந்ததுபோலவே கோடுகள் போய்விட்டன. எல்லார் உடம்பும் பழையபடி வெறும் உடம்பாயிற்று. பியூலா மொட்டைமாடியில் மழையில் நின்று சத்தம் போட்டுச் சிரித்தாள். கீழே மருந்துக்கடைக்காரர் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டார். ஊர் ஒரு நாள் துக்கம் காத்தது. யார் யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று திகைத்து, ஜனங்கள் ஒருவரையொருவர் நேராகப் பார்க்காமல் ஓரமாக ஒதுங்கி நடந்தார்கள். அப்புறம் யார் எவ்வளவு என்பதை ஒருவருக்கொருவர் நினைவுபடுத்திக்கொண்டார்கள். அதன்பிறகு வரைந்துகொள்ள ஆரம்பித்தார்கள். கோட்டுப் பென்சில் என்று ஒன்று பெட்டிக்கடைகளில் ஷாம்பு பாக்கெட்டோடு சரமாகத் தொங்கியது. வியர்த்தாலும் அழியாதது விலை அதிகம், அழிவது மலிவு. அக்கம்பக்கத்து ஊர்களில் கோடே விழாத ஜனங்களும் வாங்கி வரைந்துகொண்டார்கள். கோயில்பிச்சை பியூலாவைக் கூப்பிட்டு, பச்சை குத்துகிறவர்களுக்குச் சரியான வலை வரைந்து கொடுக்கக் கல்லூரியில் ஒரு மையம் தொடங்கலாம், அவள் பேரிலேயே இருக்கட்டும் என்றார்.

"என் பேரை எடுத்துடுங்க," என்றாள் பியூலா.

"அது இனி உங்க பேரு இல்லியே, டாக்டரம்மா. ஊரு பேரு."

அவள் வேலையை விட்டாள். அந்த இடத்துக்கு ஹரிபாஸ்கர் வந்தான். ஆசி வாங்க வந்தவனை அவள் வாசலிலேயே நிற்கவைத்துக் கதவைச் சாத்தினாள். பிறகு இரண்டு பெட்டியோடு, சந்திப்பு ரயில் நிலையத்துக்குப் போகிற நகரப் பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எந்த ஊருக்கு என்று இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. வண்டி நிரம்பிக்கொண்டே வந்தது. கைக்குழந்தையோடும் கட்டைப்பையோடும் ஏறிய ஒரு இளம்பெண், கம்பியைப் பிடிக்க முடியாமல் தடுமாறி, யாரென்று தெரியாமலே பியூலாவிடம் குழந்தையை நீட்டினாள்.

"பிள்ளையக் கொஞ்சம் வச்சிக்கிடுங்கக்கா."

கோடுகள் போனபிறகு பிறந்த குழந்தை. பால் வாசனை அடித்தது. அதன் கையிலும் நெற்றியிலும் மலிவுப் பென்சிலால் முக்கோணங்கள் வரைந்திருந்தார்கள், மெலிந்த, சீரான முக்கோணங்கள். புழுக்கத்தில் குழந்தைக்கு வியர்த்து, நீலம் கரைந்து, பியூலாவின் வெள்ளைச் சேலையில் இறங்கியது. கரையக் கரைய அடியிலிருந்து ஒன்றும் எழுதாத ரோஜா நிறத் தோல் வந்தது. பியூலா அதைப் பார்த்துக்கொண்டே, சேலை முனையை எச்சிலில் நனைத்து, குழந்தையின் கையில் மிச்சமிருந்ததையும் மெதுவாகத் துடைக்க ஆரம்பித்தாள். குழந்தை சிரித்தது.

"அய்யய்யோ, என்னக்கா செய்தீக?" அந்தப் பெண் குனிந்து கையைப் பிடுங்கினாள். அவள் முகம் வெளிறிப் போயிருந்தது. "இன்னைக்குத்தான் மொதமொதலா மாமியா வீட்டுக்குக் கொண்டுபோறேன். வெறுங்கையா கொண்டுபோனா தூக்கவே மாட்டாவளே!" அவள் பையைக் குடைந்து பென்சிலை எடுத்தாள்.

பியூலா அதை அவள் விரலிலிருந்து பறித்து ஜன்னலுக்கு வெளியே வீசினாள்.

பேருந்தே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் அழத் தொடங்கினாள். நடத்துநர் பியூலாவைப் பார்த்து, "படிச்சவுக மாதிரி இருக்கீக, பச்சப் பிள்ளை விஷயத்துல இப்பிடியா செய்வீக?" என்றார். முன் இருக்கைக் கிழவி குழந்தையைப் பியூலாவின் மடியிலிருந்து வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டு, "அழாத தாயி, அழாத" என்றாள். அதற்குள் நாலாபக்கத்திலிருந்தும் பெண்கள் தங்கள் கைப்பைகளைத் திறந்து பென்சிலை நீட்டினார்கள். என்னுடையது அழியாது, என்னுடையதை எடுத்துக்கோ என்று ஒருவரையொருவர் முந்தினார்கள். ஒருத்தி குழந்தையின் மணிக்கட்டைப் பூப்போலப் பிடித்துக்கொண்டாள், இன்னொருத்தி விசிறினாள், நன்றாக வரையத் தெரிந்த மூன்றாமவள் முட்டிபோட்டு உட்கார்ந்து முதல் கோட்டை இழுத்தாள். பியூலா ஜன்னல் கம்பியில் நெற்றியை அழுத்திக்கொண்டு, தொண்டைக்கு வந்ததை விழுங்கினாள். ஓட்டுநர் கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு, கோடு கோணிவிடக் கூடாதே என்று வண்டியை மெதுவாக்கினார்.